2,800 ரூபாய்த் தராசும் 54 கிலோ மகனும்

செட்டியார் தெருவில் நகைக்கடை ஒன்றில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் சாமிப் படத்துக்கு விளக்கு, அடுத்தது தராசுக்குச் சோதனைக் கல். கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் அந்தத் தராசில் மூச்சுக்காற்றுப் பட்டாலும் இலக்கம் ஆடும். அப்படிப் பழகிய நான் போன பெப்ரவரியில் புறக்கோட்டைக்கு நடந்துபோய், 2,800 ரூபாய் கொடுத்து, ஆள் நிறுக்கிற கண்ணாடித் தராசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தேன். ஏழு மாதம் பாவித்தாயிற்று. அதைப் பற்றி எழுதிவைத்தால், பிள்ளையைக் குத்துச்சண்டைக்கு அனுப்பியிருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

மூத்தவனுக்குப் பதினாறு வயது. கிரிக்கெட்டுக்குப் போவான் என்று நினைத்துத் துடுப்பு மட்டை வாங்கி வைத்தேன். அவன் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றான். பாடசாலை அணியில் சேர்த்துக்கொண்டார்களாம். பயிற்சி கொடுக்கும் சேரைப் பார்க்கப் போனேன். மனிதர் அரைவாசி சிங்களத்திலும் அரைவாசி தமிழிலும் ஒரே விஷயத்தைத்தான் மூன்று தடவை சொன்னார்: "இவன் 54 கிலோப் பிரிவு, அதுக்குள்ள இருக்கணும். வீட்டில ஒரு தராசு வாங்குங்க." குத்து எப்படி, தற்காப்பு எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை.

புறக்கோட்டையில் நான் போன கடையில் குடை, டோர்ச், பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஐந்தாறு தராசுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"நானா, இதில பிழை எவ்வளவு?" என்று கடைக்கார நானாவைக் கேட்டேன்.

"என்ன பிழை? புதுச் சாமான் அண்ணன்."

"இல்லை, கூடக் குறையக் காட்டினா எவ்வளவு காட்டும்?"

என் சட்டையில் குத்தியிருந்த கடை அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணன், இது பவுண் நிறுக்கிற தராசு இல்ல. ஏறுங்க, நம்பர் வரும், இறங்குங்க."

அவர் சொன்னதில் பிழை இல்லை என்பது எனக்குப் புரிய ஏழு மாதம் எடுத்தது.

சாமானைப் பற்றி முதலில். தடித்த கண்ணாடித் தட்டு, கீழே நான்கு கால். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கிறது. ஆள் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், வளைவுக்கேற்ப மின்தடை மாறும், அதைக் கணக்குப் பார்த்து இலக்கமாகக் காட்டும். எங்கள் கடைப் பக்கம் பாவிக்கும் மலிவான தராசுகளிலும் இதே வேலைதான். உச்சம் 180 கிலோ. நாணயம்போலத் தட்டையான வட்டப் பற்றரி ஒன்று உள்ளேயே வந்தது, இன்னும் மாற்றவில்லை. ஈரக் காலோடு ஏறினால் வழுக்கும். என் தாயார் ஏறக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் இரண்டாம் நாளே ஏறினார்.

எங்கே வைப்பது என்பது முக்கியம். மனைவி அறைக்குள் சின்னக் கம்பளத்தின்மேல் வைத்திருந்தாள், பார்வைக்கு வடிவாக இருக்குமென்று. அங்கே நான் இரண்டரைக் கிலோ மெலிந்திருந்தேன். கால்கள் மெத்தையில் அமுங்கினால் தட்டின் அடி தரையைத் தொட்டுக் கொஞ்சப் பாரத்தை வாங்கிக்கொள்ளும், அது கணக்கில் வராது. இப்போது குளியலறை வாசலில் ரைல்ஸ் தரையில் இருக்கிறது. ஒரு முறை இடம் பிடித்தால் பிறகு அசைக்கக்கூடாது.

பெட்டியில் "100 கிராம் துல்லியம்" என்று பெரிதாக அடித்திருந்தார்கள். இதில்தான் எனக்குக் கோபம் வரும். 100 கிராம் 100 கிராமாகக் காட்டுவது ஒன்று, காட்டுவது சரியாக இருப்பது இன்னொன்று. சுவர் மணிக்கூட்டில் விநாடி முள் ஓடுகிறது என்பதற்காக நேரம் சரியென்று ஆகுமா? வியாபாரத் தராசு என்றால் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். வீட்டுத் தராசை யாரும் கேட்பதில்லை.

100 கிராம் என்ன பெரிய விஷயம் என்று என் மனைவியும் கேட்டாள். எங்கள் கடையில் 100 கிராம் என்றால் பன்னிரண்டரைப் பவுண். ஒரு கலியாணப் பெண்ணுக்குத் தாலிக்கொடி, காப்பு எல்லாம் போட்டு அனுப்பலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டி வரைக்கும் வந்த வினேஷ் போகாட், அன்று காலை அதே 100 கிராம் கூடியிருந்ததால் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். இரவு முழுக்க ஓடி, தலைமுடியையும் வெட்டிப் பார்த்தார்கள். மல்யுத்தமும் குத்துச்சண்டையும் வேறு வேறு விளையாட்டு என்றாலும் ஏறி நிற்கிற தராசு ஒன்றுதான். இந்தக் கதையைச் சொன்ன பிறகு மனைவி வாய் திறக்கவில்லை.

இலண்டனில் இருக்கும் மச்சாள் தன்னிடம் இருக்கும் நல்ல தராசை அனுப்பிவைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன், அதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வகைத் தராசு பொருளை அளப்பதில்லை, பொருளைப் பூமி இழுக்கிற இழுப்பை அளக்கிறது. கொழும்பு பூமத்திய ரேகைக்குக் கிட்ட. இங்கே அந்த இழுப்பு இலண்டனைவிட ஆயிரத்தில் மூன்று பங்கு குறைவு. அங்கே சரிபார்த்ததை இங்கே கொண்டுவந்து வைத்தால் 54 கிலோப் பையனை 53.8 என்று சொல்லும். கல்லை ஒரு தட்டிலும் பொருளை மறு தட்டிலும் வைக்கும் பழைய தராசுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இழுப்பு இரண்டு பக்கமும் ஒரேயளவு குறையும். அதனால்தான் கடைக்குப் புதுத் தராசு வந்தால் இங்கேயே கல் வைத்துச் சரிசெய்த பிறகுதான் தொடுவோம். மச்சாளுக்கு இதை வாட்ஸ்அப்பில் விளக்கினேன். "சரி, வேண்டாமென்றால் விடுங்கோ" என்று பதில் வந்தது.

இந்தத் தராசின் முதுகில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் கிலோ இறாத்தலாகும், அதாவது பவுண்ட்; இன்னொருமுறை அழுத்தினால் ஸ்டோன், அதாவது பதினாலு இறாத்தல். அந்தப் பொத்தானில்தான் நான் குத்துச்சண்டைக்குள் விழுந்தேன். தொழில்முறைக் குத்துச்சண்டை முழுக்க இன்றைக்கும் இறாத்தலில் ஓடுகிறது. எங்களுக்கு இறாத்தல் பாணோடு மட்டும் மிஞ்சியிருக்கிற சொல். ஆனால் அது எவ்வளவு உதவியாக இருக்கிறது பாருங்கள்: மகன் 119 இறாத்தல். பாண்டம்வெயிட் 118 வரை, சுப்பர் பாண்டம் 122 வரை. இரண்டுக்கும் நடுவில் நாலு இறாத்தல் பாண்.

அந்தக் காலத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. 1909இல் இலண்டனின் நெஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு வகுப்பாகப் பிரித்து நிறுத்தியது. பிளைவெயிட் 112, பாண்டம்வெயிட் 118, பெதர்வெயிட் 126, லைட்வெயிட் 135, வெல்டர்வெயிட் 147, மிடில்வெயிட் 160, லைட் ஹெவிவெயிட் 175. அதற்குமேல் எவ்வளவு கூடினாலும் ஹெவிவெயிட். ஈ, சின்னக் கோழி, இறகு என்று பெயர் வைத்த ஆளின் ரசனையை மெச்சத்தான் வேண்டும். பாண்டம் என்பது ஜாவாத் தீவுத் துறைமுகம் ஒன்றின் பெயரால் வந்த குட்டைக் கோழி. உருவம் சின்னது, சண்டைக்குணம் பெரிது. மகனுக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று அவன் தங்கை சொல்கிறாள்.

இப்போது எட்டு பதினேழாகிவிட்டது. 105இல் தொடங்கி 108, 112, 115, 118, 122 என்று மூன்றும் நாலுமாக ஏறுகிறது. மேலே போகப் போகப் படி அகலும்: 140, 147, 154, 160, 168, 175. பிறகு குரூசர்வெயிட்டுக்கு 200, அதற்குமேல் எல்லையில்லை. கீழே இருப்பவனுக்கு மூன்று இறாத்தல் என்பது உடம்பில் நூற்றில் மூன்று பங்கு, ஆகவே சின்னப் படிகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் பிரிவுகள் பெருகவில்லை. உலகப் பட்டம் கொடுக்கிற சபைகள் நாலு: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎப், டபிள்யூபிஓ. பதினேழைப் பெருக்கினால் அறுபத்தெட்டு உலக சாம்பியன் பெல்ட். அதற்குள் இடைக்காலச் சாம்பியன், சுப்பர் சாம்பியன் என்று வேறு. நான் தங்கக்காரன் கண்ணால் பார்க்கிறேன்: ஒரே மோதிரத்தில் நாலு கடை தன் தன் முத்திரையைக் குத்தி, நாலு பேருக்கு விற்றமாதிரி இருக்கிறது. நாலையும் ஒருவனே வைத்திருந்தால்தான் அது 22 கரட்.

அப்படிப்பட்டவர்களைத்தான் மகன் தேடித் தேடிப் பார்க்கிறான். அறைச் சுவரில் ஒட்டியிருப்பது ஜப்பான்காரர் நாவோயா இனோவே. 108இல் தொடங்கியவர், 2022 டிசம்பரில் 118இன் நாலு பெல்டும், ஏறக்குறைய ஒரு வருடத்தில் 2023 டிசம்பரில் 122இன் நாலு பெல்டும் அவர் இடுப்பில். உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் உசிக் 2018இல் குரூசர்வெயிட்டில் நாலையும் சேர்த்துவிட்டு ஹெவிவெயிட்டுக்கு ஏறி, 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் பியூரியை வென்று அங்கேயும் நாலை எடுத்தார். பியூரியின் உயரத்தைப் பார்த்தால் உசிக் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. அமெரிக்காவின் டெரன்ஸ் குரோபோர்ட் 140இலும் 147இலும் முழுச் சாம்பியனாக இருந்துவிட்டு, 2025 செப்டெம்பரில் 168க்குப் போய்க் கனெலோ அல்வாரெஸை வென்று மூன்றாவது தடவையும் நாலு பெல்டைத் தூக்கினார். அந்தச் சண்டை எங்களுக்கு ஞாயிறு காலை. மனைவி கோயிலுக்குப் போய்விட்டாள், நாங்கள் இரண்டு பேரும் இடியப்பத்தை ஆறவிட்டுப் பார்த்தோம்.

எனக்கு இவர்களைவிடப் பழைய ஆள் ஒருவரைத்தான் பிடிக்கும். ஹென்றி ஆம்ஸ்ட்ரோங். 1938இல் பெதர், லைட், வெல்டர் மூன்று பட்டமும் ஒரே நேரத்தில் அவரிடம் இருந்தன. அப்போது இருந்ததே எட்டுப் பிரிவு, ஒரு பிரிவுக்கு ஒரு சாம்பியன். எட்டில் மூன்று! இன்றைய அறுபத்தெட்டில் கணக்குப் போட்டால் இருபத்தைந்துக்கு மேல் பெல்ட் வரும்.

அதே 1938ஆம் ஆண்டு நம்முடைய கணக்கிலும் இருக்கிறது. சிட்னியில் நடந்த சாம்ராஜ்ய விளையாட்டுப் போட்டியில் (இப்போதைய பொதுநலவாயப் போட்டி) இலங்கையின் பார்னி ஹென்றிக்கஸ் பெதர்வெயிட்டில் தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் இலங்கைக்கு முதல் தங்கம் அது. தராசின் பொத்தானை ஸ்டோனுக்கு மாற்றிப் பாருங்கள், பெதர்வெயிட் சரியாக ஒன்பது ஸ்டோன், உடைசல் இல்லாத இலக்கம். எழுபத்திரண்டு வருடம் கழித்து 2010 தில்லிப் பொதுநலவாயப் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி பாண்டம்வெயிட் தங்கத்தோடு வந்தபோது கடையில் வேலையை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி பார்த்தோம். ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டு அந்தத் தங்கம் திரும்பிப் போனது. அதைப் பற்றிக் கடையில் யாரும் பிறகு கதைப்பதில்லை.

ஒலிம்பிக்கில் வேறு கதை. பாரிஸில் ஆண்களுக்கு ஏழே பிரிவு: 51, 57, 63.5, 71, 80, 92, அதற்குமேல். 54 என்று ஒன்று இல்லவே இல்லை. மகன் மாதிரி ஆள் ஒன்றில் மூன்று கிலோ உருக வேண்டும், இல்லாவிட்டால் மூன்று கிலோ வளர வேண்டும். பெண்களுக்கு 54 இருந்தது. இதைச் சின்னவள் கேட்டுவிட்டு, "அப்ப நான் போறன்" என்கிறாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் மேரி கோமின் கதையைச் சொன்னேன். 46, 48 கிலோவில் உலகச் சாம்பியனாக இருந்தவருக்கு 2012இல் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது இருந்த மிகச் சிறிய பிரிவு 51. வழியில்லாமல் அங்கே ஏறித் தன்னைவிடப் பெரிய பெண்களோடு அடித்து வெண்கலம் எடுத்தார்.

தராசில் சாம்பியன்கள் தோற்ற கதைகளும் உண்டு, எனக்குத் தொழில்ரீதியாக ருசியானவை அவைதான். எட்டுப் பிரிவில் பட்டம் வென்ற ஒரே ஆள் மனி பாக்கியாவோ. 1998இல் 112 இறாத்தலில் தொடங்கி, 2010இல் 154 பட்டம் வரை. அந்தக் கடைசிப் பட்டத்துக்கு அவர் 145ஐக்கூடத் தொடாமல் தராசில் ஏறினார் என்பது வேறு. ஆனால் முதல் பட்டம் எப்படிப் போனது? 1999இல் தாய்லாந்தில் 112க்குள் வர முடியவில்லை. பட்டம் தராசிலேயே பறிபோய், அதன்பிறகு மேடையில் ஏறி அடியும் வாங்கினார். அதற்குப்பிறகு உடம்பை 112க்குள் அடைப்பதை விட்டுவிட்டு நேரே 122க்குத் தாவினார்.

2005இல் லாஸ் வேகாஸில் நடந்தது அதைவிட மோசம். லைட்வெயிட்டில் டியேகோ கொராலெஸோடு மறுசண்டைக்கு வந்த ஹோசே லூயிஸ் காஸ்டியோ 135ஐ மூன்றரை இறாத்தலால் தாண்டினார். அவர் நிறுக்கும்போது அவருடைய குழு ஆள் ஒருவர் தட்டின்கீழ்க் கால்விரலை வைத்துத் தாங்கிப்பிடித்தது அகப்பட்டுவிட்டது! எங்கள் தெருவில் தட்டில் சுண்டுவிரல் வைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அவன் நிறையைக் கூட்ட வைப்பான், இவர்கள் குறைக்க வைத்தார்கள்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

மே மாதம் ஒரு சிறிய போட்டி. மகன் முந்தின வாரம் முழுக்கக் காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்விட்டு, உள்ளாடையோடு தராசில் ஏறுவான். வியாழன் 53.8. வெள்ளி 53.8. சனி காலை, போட்டி நாள், 53.8. 200 கிராம் கையிருப்பு இருக்கிறதே என்று ஒரு பிளேன் ரீ குடித்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ஒரே இலக்கம் வந்தால் என் தொழிலில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உயிருள்ள உடம்பு அப்படி நிற்காது. வரவில்லை.

மைதானத்தில் அதிகாரபூர்வத் தராசு 54.3 என்றது. தொழில்முறையில் முதல் நாளே நிறுத்துவிடுவார்கள். இரவுக்குள் தண்ணீர் குடித்து ஆள் ஊதிவிடலாம். இவர்களுக்குச் சண்டை நாள் காலையில்தான். சலுகையும் இல்லை. ஒரு பையன், வேறு பாடசாலை, பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு கொழும்பு வெயிலில் கயிறு பாய்ந்துகொண்டிருந்தான். "அப்பா, அரை மணித்தியாலம் தாங்கோ, நானும் பாய்ஞ்சா இறங்கும்" என்றான் என் மகன். முந்நூறு மில்லிலீற்றர் வியர்வைதானே என்பது அவன் கணக்கு.

விடவில்லை. அதற்குக் காரணமும் படித்த கதைதான். 1952 ஜூனில் நியூயோர்க் யாங்கி ஸ்டேடியத்தில் சுகர் ரே ரொபின்சன், மிடில்வெயிட் சாம்பியன், லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஜோயி மாக்சிமோடு மோதினார். பதின்மூன்று சுற்று முடிவில் புள்ளிகளில் முன்னால். ஆனால் அந்த இரவின் வெக்கையில் பத்தாம் சுற்றோடு நடுவரே தாங்க முடியாமல் இறங்கி, வேறு நடுவர் வந்தார். பதினான்காம் சுற்றுக்கு ரொபின்சனால் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. அவ்வளவு பெரிய மனிதன், தண்ணீர் குறைந்த உடம்போடு வெக்கையில் சரிந்தான். பதினாறு வயதுக்காரன் மே மாதக் கொழும்பில் வெறும் வயிற்றோடு பாய வேண்டாம். சேரிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தாலும் அவனை 57க்கு மாற்றிக்கொடுத்தார்.

எதிரே வந்தவன் 56.7. வித்தியாசத்தைப் பாணில் சொன்னால் ஐந்து இறாத்தலுக்கு மேல். முதல் சுற்றில் மகன் நன்றாக நகர்ந்தான். இரண்டாவதில் அந்தப் பையன் கட்டிப்பிடித்துச் சாய்ந்தபோதெல்லாம் இவன் கால் பின்னுக்குப் போனது. புள்ளியில் தோல்வி. வரும் வழியில் திரீவீலில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜம்பட்டா வீதியில் நிறுத்தி இரண்டு மீன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன், இரண்டையும் சாப்பிட்டான், அப்போதும் பேசவில்லை.

அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு, ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தேன். தராசை வேலைக்காரன்போல நிற்கவைத்து விசாரித்தேன். முதலில் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு, பக்கத்துக் கடைக்காரத் தம்பியிடம் கேட்டு வாங்கியது. 50.1 காட்டியது. சாக்கையும் சேர்த்தால் அது சரிதான். ஆகத் தராசு பிழையில்லை. பிறகு மகனை எழுப்பி ஏற்றினேன். 54.6. இறங்கச் சொல்லி, 200 கிராம் தேயிலைப் பக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்து ஏற்றினேன். 54.6. என்ன இது? இன்னொரு பக்கெட்டும் கொடுத்தேன். 55.0. இரண்டையும் கீழே வைக்கச் சொன்னேன். 54.6. ஒன்று மட்டும் கொடுத்தேன். மறுபடி 54.6.

அங்கேதான் எனக்கு விளங்கியது. இந்தத் தராசு முந்தின இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்கிறது. அடுத்து ஏறுகிறவன் அதற்குக் கிட்ட, ஒரு 300 கிராமுக்குள் இருந்தால், அளந்ததைக் காட்டாமல் பழைய இலக்கத்தையே திரும்பக் காட்டுகிறது. பிறகு தேடிப் படித்தேன், பல வீட்டுத் தராசுகளில் வேண்டுமென்றே வைக்கிற வேலை இது. இரண்டு தடவை ஏறினால் இரண்டு இலக்கம் வந்தால் வாங்கியவன் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவான். ஒரே இலக்கம் வந்தால் "நல்ல தராசு" என்பான். ஆக, வியாழக்கிழமை உண்மையைச் சொன்னது. வெள்ளியும் சனியும் வியாழக்கிழமையைத்தான் சொன்னது. சனி காலை அவன் 54.1 ஆக இருந்திருப்பான், அதோடு ஒரு கோப்பை பிளேன் ரீ, 54.3.

எங்கள் கடையில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால், நிறுக்காமலே நேற்றைய இலக்கத்தைச் சிட்டையில் எழுதியிருந்தால், அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன்.

பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அறிவுறுத்தல் தாளிலும் இல்லை. நானாவிடம் போய்ச் சொன்னேன். "அண்ணன், நான் அன்றைக்கே சொன்னேன்தானே" என்று ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, பக்கத்தில் தேநீருக்குச் சொன்னார். திருப்பிக் கொடுக்கப் போனவன் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மறதியில்லாத புத்தியை மறக்கவைக்க ஒரு வழி உண்டு. ஆள் ஏறுவதற்கு முன் வேறு பாரம் ஒன்றை வைத்து எடுத்துவிட்டால் போதும். நான் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பை ஏறும், 5.0 காட்டும், இறங்கும், அடுத்தது மகன். அப்படி நிறுத்த நாளிலிருந்து காலை இலக்கம் ஆடத் தொடங்கியது: 54.4, 54.9, 54.7, 55.1. இதுதான் பிள்ளையின் உண்மையான உடம்பு. இரவு சாப்பாட்டில் உப்புக் கூடினால்கூடத் தெரிகிறது. ஜூலையில் பாடசாலையின் தராசோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், 100 கிராமுக்குமேல் வித்தியாசமில்லை. 2,800 ரூபாய்க்கு அது கெட்டிக்காரத்தனம்தான்.

ஆகவே வாங்கலாமா என்று கேட்டால்: நீங்கள் ஒரு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தீர்களா என்று பார்க்கத் தாராளமாக வாங்குங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் சூட்கேஸ் நிறுக்கவும் நல்லது. போன மாதம் மச்சாள் வந்து திரும்பும்போது 23 கிலோவுக்குள் மிளகாய்த்தூள் அடைத்து அனுப்பினோம், விமான நிலையத்தில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. பிள்ளை நிறைப் பிரிவு விளையாட்டில் இருந்தால் அரிசிப் பை இல்லாமல் இந்தத் தராசை நம்ப வேண்டாம். கோட்டுக்கு 200 கிராம் கீழே நிற்பதாகக் காட்டினால், கோட்டுக்கு மேலே நிற்கிறான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளம் வேண்டாம். "துல்லியம்" என்ற சொல்லுக்காகக் கூடுதல் 1,500 ரூபாய் கேட்கிற பெட்டியையும் வாங்க வேண்டாம், உள்ளே இருப்பது அதே நாலு கால்தான்.

மகன் 54க்குத் திரும்பிப் போகவில்லை. ஓகஸ்டில் சேர் அவனைப் பார்த்துவிட்டு, "இவன் தோள் அகலுது, 57க்கே வளரட்டும்" என்று சொன்னார். 57 என்றால் ஏறக்குறைய அந்த ஒன்பது ஸ்டோன், ஹென்றிக்கஸின் பிரிவு. இதை மகனிடம் சொன்னபோது, "அவர் எத்தனை பெல்ட் வைச்சிருந்தவர்?" என்று கேட்டான். இப்போது 55.8இல் நிற்கிறான். காலையில் முட்டை இரண்டு, பிட்டுக்கு மேல் பிட்டு.

அரிசிப் பைதான் வீட்டில் பிரச்சினை. குளியலறை வாசலில் அரிசி வைக்கிற வீடு கொட்டாஞ்சேனையில் எங்களுடையது மட்டும்தான் என்று மனைவி சொல்கிறாள். முந்தாநாள் குசினியில் அரிசி முடிந்து, என்னைக் கேட்காமல் அந்தப் பையிலிருந்து நாலு சுண்டு எடுத்துவிட்டாள். நேற்றுக் காலை மகன் பையை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, அரிசி மெலிஞ்சு போச்சு" என்று கத்தினான்.